எல்லாம் டூப்பா?

மத்தியானம் சாப்பிடும்போது ரெஸ்லிங் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர், "எல்லாம் டூப்புடா!" என்று முடித்துவிடுகிறார். ஒத்துக்கொள்கிறேன் நண்பர்களே. யார் ஜெயிக்கணும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் ஆட்டம்தான் அது. ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்துவிடாது என்பது என் கருத்து. சாட்சிக்கு ஜப்பானிலிருந்து ஒருவரைக் கூப்பிடுகிறேன். பெயர் ஜம்போ சுருட்டா. (சிரிக்காதீங்க, அவர் பெயரே அதுதான்!)

சுருட்டா முதலில் கூடைப்பந்து ஆடியவர். உயரம் 196 செ.மீ. ஒலிம்பிக் போயே தீரணும் என்ற ஆசையில், கல்லூரியில் படிக்கும்போதுதான் மல்யுத்தத்துக்கு மாறினார். 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்காக இறங்கிவிட்டார். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் அங்கே பேசி வைத்து யாரும் விழமாட்டார்கள். டூப் என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

அதே வருஷம் ஜயன்ட் பாபாவின் ஆல் ஜப்பான் கம்பெனியில் சேர்ந்தார். அமெரிக்காவில் டெக்ஸாஸ் போய்த் தொழில் கற்றார். 1984-ல் நிக் பாக்விங்கிளைத் தோற்கடித்து ஏ.டபிள்யூ.ஏ. உலகப் பட்டம். 1989-ல் ஸ்டான் ஹான்சனை ஜெயித்து மூன்று பட்டங்களையும் ஒன்றாக்கினார். இதெல்லாம் பெல்ட் கணக்கு, விடுங்கள்.

எனக்குப் பிடித்தது அவர் தோற்ற சண்டை. 1990 ஜூன் 8, டோக்கியோ புடோகான் அரங்கம். எதிரில் மிசாவா, அவரைவிட 11 வயது சின்னவர். கூட்டம் முழுக்க மிசாவா பெயரைச் சொல்லிக் கத்துகிறது. சுருட்டா தோற்றார். அன்றிலிருந்து மிசாவாதான் பெரிய நட்சத்திரம். முடிவு பேசி வைத்ததுதான் என்றால், உச்சத்தில் இருக்கும்போதே ஒரு சின்னப் பையனிடம் விழுவதற்கு அவர் சம்மதித்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? நம்மில் எத்தனை பேர் கேப்டன் பதவியை ஜூனியருக்கு விட்டுக்கொடுப்போம்?

1992-ல் ஹெபடைடிஸ் பி. கல்லீரல் கெட்டது. திரும்பி வந்தபோது மூத்த வீரர்களோடு சேர்ந்து கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் சண்டைகள் மட்டும்தான். மனுஷன் சும்மா இருக்கவில்லை. நாற்பது வயசுக்கு மேல் சுகுபா பல்கலைக்கழகத்தில் மாணவனாகச் சேர்ந்து விளையாட்டுப் பயிற்சி பற்றிப் படித்தார். பிறகு கல்லூரியில் பாடமும் எடுத்தார். 1999-ல் ஓய்வு. 2000 மே 13-ல் மணிலாவில் கல்லீரல் மாற்று ஆபரேஷனின்போது இறந்துபோனார். வயது 49.

இன்னும் டூப் என்கிறவர்கள் மறுப்பு எழுதிக் கொடுங்கள். இந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்ட இடம் இருக்கிறது.