59 ரூபாய் 15 காசும் எங்கள் ஊர் கடைசி பஸ்ஸும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் நிதிநிலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிலோமீட்டருக்கு இவ்வளவு நஷ்டம் என்று ஒரு கணக்கைச் சொல்லி, அதை வைத்து வருவாய் இல்லாத தடங்களைக் கைவிட வேண்டும் என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். நான் கழகம் ஒன்றில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்படிக் கைவிடப்பட்ட ஒரு தடத்தின் கடைசி ஊரில் குடியிருக்கிறேன். இந்த முடிவு தவறு என்று சொல்லவே எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நைட் ஹால்ட் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. இரவு எட்டே முக்காலுக்கு டவுனில் எடுத்து, ஒன்பதரைக்குப் பிள்ளையார் கோவில் ஆலமரத்தடியில் வந்து நிற்கும். ஓட்டுநரும் நடத்துநரும் பஞ்சாயத்துக் கட்டடத் திண்ணையில் படுத்துக்கொள்வார்கள். யார் வீட்டிலிருந்தாவது அவர்களுக்குச் சோறு வந்துவிடும். காலை ஐந்து பத்துக்கு அது புறப்படும் சத்தம்தான் ஊருக்கே கடிகாரம். கீரைக்கட்டும் கத்தரிக்காய்க் கூடையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்கள், மில்லுக்கு முதல் ஷிப்ட் போகும் பெண்கள், வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகும் ஒரு பெரியவர், எல்லோருக்கும் அந்த ஒரு வண்டிதான். சென்ற ஆவணியில் அது நின்றது. கழகத்தின் கிளையில் போய்க் கேட்டோம். “கலெக்‌ஷன் இல்லை சார், இரண்டு நடைக்கும் சேர்த்து நானூறுகூடத் தேறவில்லை” என்றார்கள்.

நிறுத்தப் போகிறார்கள் என்று காதில் விழுந்த வாரமே அந்த வண்டியில் போய்த் தலைகளை எண்ணினேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடையில் டவுன் வரைக்கும் போனவர்கள் 46 பேர். அதில் பெண்கள் 33. பாஸ் வைத்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் 4. காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் 9 பேர். நடத்துநர் பையில் விழுந்தது அந்த ஒன்பது பேரின் காசும் கூடைகளுக்கான லக்கேஜும் மட்டும். உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்று வந்த வண்டி அது. கணக்கில் அது காலி வண்டி.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தச் செலவை அரசு கழகங்களுக்கு ஈடு செய்கிறது. அதற்காகத்தான் நடத்துநர் ஒவ்வொரு பெண்ணுக்கும் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். அப்படியிருக்க, ஒரு நடை தேறுமா தேறாதா என்று பார்க்கும்போது மட்டும் பையில் இருக்கும் காசை எண்ணுவது எந்த வகையில் சரி? எங்கள் ஊரிலிருந்து டவுனுக்கு 15 ரூபாய். அந்த 33 பேருக்கும் அதே கட்டணம் போட்டுப் பாருங்கள், காசு கொடுத்தவர்களையும் சேர்த்து 630 ரூபாய் வருகிறது.

இப்போது செலவுக்கு வருகிறேன். 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்று இருந்தது. அன்றிலிருந்து பஸ் பற்றிப் பேசுகிற எல்லோரும் கிலோமீட்டர் நஷ்டம் என்றே பேசுகிறார்கள். கொரோனா ஊரடங்கில் வண்டிகள் பணிமனைகளில் மாதக்கணக்கில் நின்றுவிட்டு வந்த காலத்தின் அறிக்கை அது என்பது யாருக்கும் நினைவில்லை. வண்டி நின்றாலும் சம்பளம் நிற்காது, வாங்கிய கடனுக்கு வட்டி நிற்காது, ஓய்வூதியப் பொறுப்பும் நிற்காது. மொத்த நஷ்டத்தை ஓடிய கிலோமீட்டரால் வகுக்கிறார்கள். ஓடும் தூரம் குறையக் குறைய அந்தத் தொகை ஏறத்தான் செய்யும். ஆக, நடையைக் குறைத்தால் கிலோமீட்டர் நஷ்டம் குறையும் என்று நினைப்பது கணக்குப் புரியாத பேச்சு.

எங்கள் ஊருக்கும் டவுனுக்கும் 18 கிலோமீட்டர். இரவு வந்து காலை போனால் 36. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேலே கொடுக்கும் வண்டிக்கு ஏழு லிட்டர் டீசல், இன்றைய விலையில் ஏறக்குறைய 650 ரூபாய். டயர் தேய்மானத்தைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் நடையை நிறுத்தியதில் மிச்சமானது அவ்வளவுதான். ஓட்டுநர், நடத்துநர் சம்பளம் மிச்சமாகவில்லை, அவர்கள் நிரந்தர ஊழியர்கள். வேறு தடத்தில் கூடுதல் நடை விட்டிருந்தாலாவது மனம் ஆறும். எங்கள் வட்டாரத்தில் எந்தத் தடத்திலும் ஒரு நடைகூடக் கூடவில்லை. மேலே சொன்ன 630 ரூபாயில் காலை நடை மட்டுமே இரண்டு நடைக்கான டீசலை ஏறத்தாழ ஈடுகட்டிவிடுகிறது. இரவு நடையில் வருபவர்களை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அளவுகோல் எதுவோ அதற்கேற்பத்தான் வண்டி ஓடும். இதை நேரக் காப்பாளர் அறையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். டீசல் சிக்கனத்தில் தமிழ்நாட்டுக் கழகங்கள் தேசிய விருதுகள் வாங்கியிருக்கின்றன. அதில் எனக்கும் பெருமை உண்டு, எங்கள் ஓட்டுநர்களின் கைத்திறமை அது. ஆனால் கே.எம்.பி.எல்., அதாவது லிட்டருக்கு ஓடும் கிலோமீட்டர், குறைந்தவர்களின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் வரிசையாக ஒட்டினால் என்ன நடக்கும்? நிறுத்தத்தில் ஒரு முறை நிறுத்தி எடுத்தால் டீசல் போகும். நாலு பேர் மட்டும் நிற்கிற நிறுத்தத்தைப் பார்த்ததும் கால் பிரேக்குக்குப் போகாது. கையைக் காட்டி ஓடிவரும் பெண்களை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்ற புகாரை ஓட்டுநரின் குணக்கேடு என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை. எத்தனை பேரை ஏற்றி இறக்கினாய் என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. எத்தனை லிட்டர் என்றுதான் கேட்கிறார்கள்.

கட்டுரையாளர் எட்டுக் கழகங்களையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தியிருப்பதையும் ஏற்க முடியவில்லை. கோவைக் கழகத்தின் வண்டிகள் நீலகிரி மலையேறுகின்றன, கும்பகோணத்தின் வண்டிகளில் பல காவிரிச் சமவெளியில் ஓடுகின்றன. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் முன்பதிவோடு தொலைதூரம் போகிறது. சென்னை மாநகர் வண்டி நெரிசலில் முக்கால் மணி நேரம் நிற்கிறது. இவற்றின் கிலோமீட்டர் வருவாயை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி யார் திறமைசாலி என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வீணடிப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உதிரிபாகம் வராமல் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிகளையும் மழையில் ஒழுகும் கூரைகளையும் பார்த்தவன்தான். அதைக் கேளுங்கள், கடுமையாகக் கேளுங்கள். ஆனால் 2018 ஜனவரிக்குப் பிறகு கட்டணம் உயரவில்லை. அன்று லிட்டர் 70 ரூபாய்க்குக் கீழே இருந்த டீசல் இன்று 90-ஐத் தாண்டி நிற்கிறது. கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருப்பது ஏழைகளுக்காக அரசு எடுத்த முடிவு. அதை நான் வரவேற்கிறேன். அந்த முடிவின் செலவையும் நிர்வாகக் கோளாறால் வந்த செலவையும் ஒரே நஷ்டம் என்று கொட்டிக் காட்டினால், எதற்கு யார் பொறுப்பு என்பது எப்படித் தெரியும்? வருவாய் மட்டுமே கழகங்களின் நோக்கமும் அல்ல. 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் தொடங்கியபோது, தனியார் வண்டி போகாத ஊர்களுக்கும் பஸ் போகும் என்று நம்பித்தான் ஜனங்கள் வரவேற்றார்கள்.

போக்குவரத்துத் துறைக்கு என் கோரிக்கை பெரிதல்ல. ஒவ்வொரு கிளையும் மாதாமாதம் பேருந்து நிலையப் பலகையில் எழுதி வைக்கட்டும்: அட்டவணைப்படி எத்தனை நடை, ஓடியது எத்தனை, முதல் நடையும் கடைசி நடையும் எத்தனை நாள் ரத்தாயின, கட்டணமில்லாச் சீட்டும் பாஸும் சேர்த்து எத்தனை பேர் பயணம் செய்தார்கள். பயணச்சீட்டுக் கருவியிலும் கிளைப் பதிவேட்டிலும் இவையெல்லாம் இருக்கின்றன. ஒரு நடையை நிறுத்துவதற்கு முன் அந்த ஊர்க் கிராம சபையைக் கேட்கட்டும். உங்கள் இதழும் அடுத்த முறை கழகங்களைப் பற்றி எழுதும்போது நஷ்டத்தோடு இந்த எண்களையும் கேட்டு வாங்கிப் போட வேண்டும்.

அந்தப் பெரியவர் இப்போது டயாலிசிஸ் நாட்களில் ஆட்டோவுக்கு 400 ரூபாய் கொடுக்கிறார். மில்லுக்குப் போய்வந்த பெண்களில் மூன்று பேர் வேலையை விட்டுவிட்டார்கள். ஐந்து பத்து வண்டியைத் திரும்ப விடச் சொல்லி அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கிளைக்கு அனுப்பியிருக்கிறோம். இந்தக் கடிதம் எழுதும் நாள்வரை பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நேரக் காப்பாளர் ஒருவர்