வெள்ளைக்காரன் வீட்டுப் பிரச்சினையா?

"அது வெள்ளைக்காரன் வீட்டுப் பிரச்சினை. நம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் உண்டு." 'அடோலசன்ஸ்' தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் பெரியவர்கள் ஒப்பிக்கும் வாசகம் இது. மொனராகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் இளைஞர் ஒருவர், அத்தொடரின் இரண்டாம் அத்தியாயத்தை மூன்று முறை பார்த்துவிட்டு, "ஐயா, இதை எங்கள் பெற்றோருக்குப் போட்டுக் காட்ட வேண்டும்" என்று எனக்கு எழுதினார். அவருக்கு ஊரில் கிடைத்த பதிலும் மேற்சொன்ன வாசகமே. பெரியவர்கள் சொல்வது தவறு என்பது என் கட்சி.

2025 மார்ச்சில் நெட்பிளிக்ஸில் வெளியான நான்கு அத்தியாயப் பிரித்தானியத் தொடர் அது. பதின்மூன்று வயது ஜேமி, உடன் படிக்கும் கேட்டியைக் கத்தியால் குத்திக் கொன்றதாகக் கைதாகிறான். இரண்டாம் அத்தியாயத்தில் காவல் அதிகாரி பாஸ்கோம் அவர்களுடைய பாடசாலைக்குப் போகிறார். ஜேமியின் இன்ஸ்டாகிராமில் கேட்டி இட்டிருந்த சின்னஞ்சிறு படக்குறிகளைக் கண்டு, இருவரும் நண்பர்கள் என்று எண்ணுகிறார். அங்கே படிக்கும் அவருடைய சொந்த மகன் அப்பாவைத் தனியே அழைத்துப் பொருள் சொல்கிறான்: அது நட்பன்று, ஏளனம். பெண்ணின் அன்பு கிடைக்காததற்காகப் பெண்குலத்தையே வெறுக்கும் இணையக் கூட்டத்தில் நீயும் ஒருவன் என்ற குத்தல். குற்றத்தைத் துப்பறியத் தெரிந்த தகப்பனுக்கு, மகன் அன்றாடம் வாசிக்கும் மொழி தெரியவில்லை!

இது இங்கிலாந்தில் மட்டும்தான் நடக்குமா?

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஊவாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணைய அலை தேடிக் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறினார்கள். லுணுகலையில் மலையுச்சி மரவீட்டில் அமர்ந்து பாடம் கேட்டார்கள். உலகப் பத்திரிகைகள் படம் போட்டன. நாமும் நெகிழ்ந்தோம். அலை கிடைத்ததா என்றுதான் கேட்டோம். அந்த அலையில் பாடத்தோடு வேறென்ன வந்து இறங்குகிறது என்று கேட்டோமா?

தொற்று ஓய்ந்தது, கைப்பேசி திரும்பிப் போகவில்லை. விடிந்ததும் தாய் கொழுந்தெடுக்கவோ பால் வெட்டவோ போய்விடுகிறாள். தகப்பன் கொழும்பில் ஒரு கடையில். சில வீடுகளில் தாய் வளைகுடாவில். அடகு வைத்தும் கடன்பட்டும் வாங்கிய கருவியில் மகன் என்ன பார்க்கிறான் என்பதைக் கேட்க அங்கே ஆள் ஏது?

"லயத்துக் காம்பிராவில் தனியறையா இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்ள?" என்பார்கள். கைப்பேசியே தனியறைதான். ஒரே பாயில் ஐந்து பேர் படுத்திருந்தாலும் அதற்குள் ஒருவன் தனியே இருக்கலாம்.

நம் பையன்களுக்கு ஆங்கில நஞ்சு தேவையுமில்லை. வேண்டாம் என்ற பெண்ணைத் துரத்தித் துரத்திப் பணிய வைப்பதுதான் காதல் என்று தமிழ்த் திரைப்படம் பல்லாண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறது. அதன் துணுக்குகள்தான் இன்று உள்ளங்கையில் ஓடுகின்றன.

சிலர் எதிர்முனைக்கு ஓடி, "கைப்பேசியைப் பிடுங்குங்கள்" என்கிறார்கள். ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் பதினாறு வயதுக்குட்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்குகளைத் தடை செய்தது. அம்மாவின் கைப்பேசியில், அம்மாவின் பெயரில் உள்ள கணக்கைப் பார்க்கும் தோட்டத்துப் பிள்ளையை எந்தச் சட்டம் கண்டுபிடிக்கும்? நம் வீடுகளில் பிடுங்கல் தொடங்கினால் முதலில் பறிபோவது பெண்பிள்ளையின் கைப்பேசி. அடுத்தது அவள் படிப்பு.

தொடரில் கேட்டியின் அந்தரங்கப் படம் மாணவரிடையே பரவியிருந்தது. அவள் தளர்ந்திருந்த அந்த வேளையில் கேட்டால் இணங்குவாள் என்று கணக்குப் போட்டே ஜேமி அவளை அழைத்தான், அவள் மறுத்தாள். இதே நிலை பசறையிலோ மடூல்சீமையிலோ ஒரு சிறுமிக்கு நேர்ந்தால் வீட்டில் சொல்வாளா? சொன்னால் அடி விழும், பாடசாலை நிற்கும், அவசரக் கல்யாணம் பேசப்படும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே சொல்லமாட்டாள். மிரட்டுபவனின் பலம் கைப்பேசியில் இல்லை. நம் 'மானம்' அவளுக்குப் பூட்டிய வாயில் இருக்கிறது. நாம் மார்தட்டும் ஒழுக்கத்தின் மறுபக்கம் இதுதான்.

பிரித்தானியாவில் பிரதமர் ஸ்டாமர் இத்தொடரை வரவேற்றார். இடைநிலைப் பாடசாலைகளில் இலவசமாகக் காட்டவும் ஏற்பாடாயிற்று. ஒரு நாடகத்தைக் காட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவனல்லன் நான். ஆனால் அவர்கள் பேசத் தொடங்கினார்கள். நம் தமிழ்ப் பாடசாலைகளிலும் வாரத்தில் ஒரு மணி நேரம், அடிக்காத, ஏளனம் செய்யாத ஓர் ஆசிரியர் முன்னால் பிள்ளைகள் பேசட்டும். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு இதுவும் பேசப்படட்டும். நாட்சம்பளத்துக்குப் பேரம் பேசும் தொழிற்சங்கங்கள் இதற்கும் குரல் கொடுக்கட்டும்.

அலை கிடைக்கப் பிள்ளைகளை மரத்தில் ஏற்றிய சமூகம், அவர்கள் இறங்கி வந்த பின் என்ன பார்த்தார்கள் என்று அருகமர்ந்து கேட்கக் கூடாதா?