கையாற் பிடித்தால் நிற்குமோ கியர்?

நாலு சில்லுகளையும் எஞ்சினால் உருட்டவல்ல பழைய ஜீப் வண்டிகளை வைத்திருப்போர் கூறும் முறைப்பாடு ஒன்றுண்டு. "மேட்டில் ஏறும்போது நன்றாகவே இழுக்கிறது, இறக்கத்தில் காலை எடுத்தவுடன் கியர் தானாகவே கழன்றுவிடுகிறது" என்பர். அதற்கு என்ன செய்கிறீர்கள் என்று வினவினால், பக்கத்தில் இருப்பவர் லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார் என்று சிரித்தபடியே விடை பகர்வர். பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் மனைவியாகவோ வளர்ந்த மகனாகவோ இருப்பார். ஆதலின், இது குடும்பத்தவர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய பொருளே எனக் கருதி இவ்வாரம் எடுத்துக்கொண்டோம்.

கழல்வது எது என்பதை முதலில் தெளிவோம். இத்தகைய வண்டிகளில் வழக்கமான கியர்ப் பெட்டிக்குப் பின்னே இன்னொரு சிறு பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். டிரான்ஸ்பர் கேஸ் எனத் திருத்துநர் வழங்குவது இதனையே. துணைப்பெட்டி என்று நாம் அழைப்போம். எஞ்சினின் வலுவை முன்சில்லுகளுக்கும் பின்சில்லுகளுக்கும் பகிர்ந்தளிப்பதும், மெல்ல ஊர்ந்து பாரம் இழுப்பதற்கான தாழ்ந்த கியரைத் தருவதும் இதன் தொழில்கள். 1941 முதல் 1945 வரை போருக்கெனச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பில் இடம்பெற்ற ஸ்பைசர் 18 என்னும் துணைப்பெட்டி இவ்வினத்திற் பெயர்பெற்றது. போருக்குப் பின் வந்த பொதுமக்கள் ஜீப்புகளிலும், சிறு மாற்றங்களுடன், 1971 வரை அதுவே தொடர்ந்தது. அதனையே ஈண்டு உதாரணமாகக் கொள்வோம். பிற வண்டிகளில் உறுப்புகளின் இடமும் அளவும் வேறுபடினும் நோயின் தன்மை ஏறக்குறைய ஒன்றே.

துணைப்பெட்டிக்குள் ஒரு பற்சில்லு தண்டின் மீது முன்னும் பின்னும் நகர்ந்து, உயர்ந்த கியரிலோ தாழ்ந்த கியரிலோ சென்று கொளுவும். அதனை நகர்த்துவது கவை வடிவான ஓர் இரும்பு. அக்கவை ஒரு கம்பியிற் பூட்டப்பட்டிருக்க, கம்பியை நாம் லீவரால் அசைக்கிறோம். கம்பியிற் சிறு பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். சுருள்வில்லால் அழுத்தப்படும் உருக்குக் குண்டு ஒன்று அப்பள்ளத்தில் விழுந்து, கம்பியை உரிய இடத்தில் நிறுத்தும். எனினும், கியரை உண்மையிற் பிடித்து வைத்திருப்பது அக்குண்டு மட்டுமன்று. பற்கள் நேரான முகத்தோடு முழு ஆழத்துக்குக் கொளுவியிருக்கும்வரை விசை சுழலும் திசையிலேயே செல்லும். பற்கள் தேய்ந்து சரிவான முகம் பெற்றுவிட்டாலோ, தண்டு தன் இடத்தில் நில்லாது அசைந்தாலோ, விசையின் ஒரு பகுதி பற்சில்லைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கும். தள்ளும் விசை வில்லின் பலத்தை விஞ்சும் கணத்திற் கியர் கழன்றுவிடும்.

கழன்றால் நேர்வது என்ன? துணைப்பெட்டி நியூட்ரலில் நிற்கும்போது எஞ்சினுக்கும் நாலு சில்லுகளுக்கும் இடையே யாதொரு தொடர்பும் இல்லை. பெரிய கியர்ப் பெட்டி முதலாங் கியரில் இருந்தாலும் பயனில்லை. செங்குத்தான இறக்கத்தில் வண்டியை மெல்ல இறக்கித் தரும் எஞ்சினின் எதிர்ப்பு ஒரு நொடியில் அற்றுப்போகும். பாரம் முழுவதும் காற்பிரேக்கின் மீது வந்து விழும். ஈரமண் பாதையிலோ, பிரேக் ஏற்கெனவே சூடேறிய நிலையிலோ இது நிகழுமாயின் விளைவு யாதாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, கையாற் பிடிப்பதைப் பற்றிச் சிறிது சொல்வோம். கவை என்பது பற்சில்லை நகர்த்துவதற்கென அமைந்ததேயன்றி, ஓயாது அழுத்திப் பிடிப்பதற்கென அமைந்ததன்று. லீவரைக் கையால் அழுத்தியோ, கயிற்றாற் கட்டியோ வைக்கும்போது சுழலும் பற்சில்லின் மீது கவை இடையறாது உராய்கிறது. உராயவே சூடேறித் தேய்கிறது. தேயவே கொளுவலின் ஆழம் இன்னும் குறைகிறது. சில ரூபாய்க்கு ஒரு வில் மாற்றித் தீர்ந்திருக்கக்கூடிய குறை, பெட்டியையே பிரித்துக் கொட்டும் செலவாக வளர்கிறது. பிடிப்பவரின் கை ஒருமுறை சோர்ந்தால் வரும் ஆபத்தோ வேறு.

ஆகவே காரணத்தைத் தேடுவோம். தேடும் ஒழுங்கு, வெளியிலிருந்து உள்ளே, செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்கு என அமைதல் நன்று.

முதலாவது, கியர் எப்போது கழல்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆளரவமற்ற, ஏறக்குறைய மட்டமான இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தல் போதும். இழுக்கும்போது பற்களின் ஒரு முகமும், எஞ்சின் வண்டியைத் தடுக்கும்போது மறுமுகமும் பாரந் தாங்குகின்றன. ஒன்றில் மட்டும் கழலுமாயின் அந்த முகத்திலேயே தேய்வு மிகுதி என ஊகிக்கலாம். அத்துடன், இழுவை அற்றபோது லீவரும் இடம்பெயர்ந்ததா என்று பாருங்கள். லீவர் அசையாதிருக்க இழுவை மட்டும் அற்றுப்போனால், கவையைக் கம்பியோடு பூட்டும் திருகு தளர்ந்திருத்தல் போன்ற உட்குறை இருத்தல் கூடும்.

இரண்டாவது, லீவர் தங்குதடையின்றி முழுத் தூரமும் செல்கிறதா என்பதை ஆராய்க. இந்த ஜீப்பில் லீவர்கள் வண்டியின் தளத்தில் அன்று, துணைப்பெட்டியிலேயே பொருத்தப்பட்டுள்ளன. பெட்டிகளைத் தாங்கும் றப்பர்த் தாங்கிகள் நைந்து போனால், எஞ்சினும் பெட்டிகளும் ஒருபுறம் சாய, லீவர் தளத்துத் துவாரத்தின் விளிம்பில் முட்டும். அப்போது கியர் முழுவதும் விழாது; விழுந்தாலும் ஒவ்வொரு குலுக்கலிலும் விளிம்பு அதனைத் தட்டிக் கழற்றிவிடும். தடித்து இறுகிப்போன றப்பர் உறையும் இவ்வாறே செய்யும். தளத்தகட்டை அகற்றிவிட்டுப் பார்த்தால் இது நொடியில் விளங்கும். துணைப்பெட்டியைக் கியர்ப் பெட்டியோடு பிணைக்கும் போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, லீவரின் அச்சாணி தேய்ந்து ஆடுகிறதா என்பவற்றையும் உடன் நோக்குக. உள்ளே யாதொரு பழுதுமின்றி, ஒரு நைந்த றப்பரே கியரைக் கழற்றுவதும் உண்டு.

மூன்றாவது, குண்டும் வில்லும். இவை பெட்டியின் முன்புற மூடியில் திருகடைப்புகளுக்குள் இருப்பதால், பெட்டியைப் பிரியாமலே வெளியே எடுக்கலாம். இரண்டு வில்களையும் அருகருகே நிறுத்தி உயரம் ஒப்பிடுக. குறுகியதை இழுத்து நீட்டிப் போடுதல் திருத்தமாகாது. இரண்டையும் புதிதாக மாற்றுதலே முறை. குண்டிற் சொட்டையோ துருவோ இருப்பின் அதனையும் மாற்றுக. இங்கே ஓர் எச்சரிக்கை. இரு கம்பிகளுக்கும் இடையே சிறு உருக்குத் துண்டு ஒன்று ஒளிந்திருக்கும். முன்சில்லுகளை இணைக்காமல் தாழ்ந்த கியர் விழாதபடி தடுப்பது அதுவே. தாழ்ந்த கியரின் பெருவிசை முழுவதும் பின்னச்சின் மீது மட்டும் சுமத்தப்படலாகாது என்பது அதன் நோக்கம். வேண்டாத துண்டென எண்ணி அதனை ஒதுக்கிவிடாதீர்கள்.

நான்காவது, பின்சில்லுகளுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் தண்டின் அசைவு. இத்தண்டு கூம்புருளைப் பேரிங்குகள் இரண்டின் மீது சுழல்கிறது. தண்டு முன்பின்னாக அசையக்கூடிய தூரம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்கு வரையே இருத்தல் வேண்டும். அதாவது 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர், சாதாரண எழுதுதாள் ஒன்று அல்லது இரண்டின் தடிப்பே. பின்மூடிக்கு அடியில் வைக்கப்படும் மென்தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் இவ்வளவு சரிசெய்யப்படுகிறது. தகட்டை எடுத்தால் அசைவு குறையும்; சேர்த்தால் கூடும். இதனை டயல் அளவியால் அளந்தே செய்தல் வேண்டும். கண்மதிப்பு போதாது. அளவுக்கு மிஞ்சி இறுக்கினாற் பேரிங் சூடேறிக் கெடும்.

இவை யாவும் செம்மையாயிருந்தும் கியர் கழலுமாயின், ஐந்தாவதாகப் பெட்டியைப் பிரிப்பதன்றி வழியில்லை. அதற்கு முன் ஒயிலை வடித்துப் பாருங்கள். வெயிலிற் பிடித்தால் மினுங்கும் நுண்தூள் எவ்வண்டியிலும் சிறிது இருக்கும். விரலுக்குத் தட்டுப்படும் இரும்புச் சிதறல்கள் வருமாயின் பற்களோ பேரிங்கோ உடைந்துள்ளன என்பது உறுதி. பிரித்தபின் கவையின் முனைகள், நகரும் பற்சில்லின் பற்கள், அது சென்று கொளுவும் எதிர்ப்பற்கள், இடைத்தண்டு, அதன் உருளைகள் ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். பல்முனைகள் வட்டமாகத் தேய்ந்திருந்தால் ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை. தேய்ந்த பல்லோடு புதுப்பல் சேர்ந்தால் புதியதும் விரைவிற் பழையதாகும். இரண்டையும் சோடியாக மாற்றுக.

பழுது பார்த்தபின் அது மீளாதிருக்கச் சாரதியின் பழக்கமும் துணைபுரிதல் வேண்டும். தாழ்ந்த கியரை வண்டி நின்றபின் போடுங்கள். லீவரை முடிவுவரை தள்ளுங்கள். அதன் மீது கையை ஊன்றி வைக்கும் வழக்கத்தை விடுங்கள். காய்ந்த தார்வீதியில் நாலு சில்லு இயக்கத்தை உபயோகிக்க வேண்டாம். வளைவுகளில் முன்சில்லுகள் செல்லும் தூரமும் பின்சில்லுகள் செல்லும் தூரமும் வேறு. அவ்வேறுபாட்டைச் சேறும் மணலும் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும், தார்வீதி தீர்க்காது. எஞ்சிய முறுக்கு முழுவதும் துணைப்பெட்டியின் பற்களில் ஏறும். நாலு ரயர்களும் ஒரே அளவினவாய் இருத்தல் வேண்டும் என்பதும் இதனாலேயே.

திருத்துமுன் இறக்கத்திற் கியர் கழன்றுவிட்டால், ஓடும் வண்டியில் அதனைத் திரும்பப் புகுத்த முயன்று நேரத்தைப் போக்காதீர்கள். காற்பிரேக்கை மிதித்து முற்றாக நிறுத்துங்கள். கைப்பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் அணை வைத்து, அதன் பின்னரே கியரைப் போடுங்கள். கைப்பிரேக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. நாம் கூறிய ஜீப்புகளில் அது சில்லுகளில் அன்று, துணைப்பெட்டியின் பின்னால் இயக்கத்தண்டிலே அமைந்துள்ளது. ஆகையால் கியர் கழன்றாலும் அது வண்டியைப் பிடிக்கும். ஆனால் பெட்டியின் பின்புற ஒயில் அடைப்புக் கசிந்தால் பிரேக் பட்டி ஒயிலில் நனைந்து வழுக்கும். பின் இயக்கத்தண்டைக் கழற்றிவிட்டாலோ கைப்பிரேக் எதனையும் பிடிக்காது. வண்டிக்கு அடியிற் படுத்து வேலை செய்பவரின் உயிர் அப்போது சில்லுக்கு வைத்த கல்லை மட்டுமே நம்பியிருக்கிறது. சாய்வான நிலத்தில் இவ்வேலையைத் தொடங்கவே வேண்டாம். மட்டமான தரையிலும் சில்லுகளின் இருபுறமும் அணை வைக்க மறவாதீர்கள்.

வீட்டிலுள்ளோருக்கும் ஒரு வார்த்தை. லீவரைப் பிடித்துக்கொள்ளும்படி உங்களிடம் யாரேனும் கூறுவாராயின், பிடிக்க மாட்டோம் என்று அன்போடு மறுத்துவிடுங்கள். முதல் மூன்று சோதனைகளையும் செய்து முடிக்க ஒரு ஞாயிறு முற்பகல் போதும். அதுவரை வண்டி முற்றத்தில் நிற்கட்டும். மலைப்பயணம் ஒரு வாரம் பொறுக்கும்.