பாழ்வீட்டை வாங்குவோர் கடமை

பாழடைந்த வீட்டை விலைக்கு வாங்கிப் புதுப்பித்துக் குடியேறுவது நல்ல காரியமா என்று நம்மைக் கேட்டால், எந்த இடத்து வீடு என்று திருப்பிக் கேட்போம். கள்ளக்குறிச்சி நகரத்து வீடானால், தாராளமாக வாங்குங்கள், அது ஊருக்கே உபகாரம் என்போம். கல்வராயன் மலைமேலுள்ள வீடானால், வேண்டாம் என்று தடுப்போம். இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு பகற்பொழுதில் போய்த் திரும்பும் தூரந்தான். நியாயம் மட்டும் ஏன் மாறுகிறது என்பதை விளக்குவதே இன்று நமது நோக்கம்.

முதலில் நகரத்து வீட்டைப் பார்ப்போம். 2019-ஆம் வருஷம் நவம்பர் மாதம் கள்ளக்குறிச்சி விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. ஜில்லாவின் தலைநகரில் உத்தியோகஸ்தரும் வியாபாரிகளும் வீடு தேடுவது இயற்கை. ஆயினும் அந்நகரிலும் சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவிலூர் முதலிய ஊர்களிலும், திண்ணையும் முற்றமும் மரத்தூண்களும் கொண்ட பழைய ஓட்டு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஓடு சரிந்து, கைமரம் உளுத்து, சுவரில் அரசங்கன்று முளைத்து நிற்கும் அவற்றை வாங்குகிறவர் எவரும் முதல் வேலையாக இடித்துத் தள்ளிவிட்டுக் கான்கிரீட் பெட்டியொன்றை எழுப்புவதையே நாகரிகமென்று நினைக்கிறார்கள்.

ஜப்பான் தேசத்தில் 2023-ஆம் வருஷத்தில் எடுத்த கணக்கின்படி சுமார் 90 லக்ஷம் வீடுகள் காலியாக இருக்கின்றன. பிள்ளைகள் குறைந்து, கிழவர்கள் மறைந்து, வீட்டை ஆள ஆளில்லாமையே அங்கே முக்கிய காரணம். நம் நாட்டிலோ விஷயம் தலைகீழ். இங்கே வீடு பாழாவது வாரிசு இல்லாமையால் அன்று, வாரிசு மிகுந்தமையால்! பாட்டனார் காலமானார், பாகப்பிரிவினை நடக்கவில்லை, நான்கு பேரன்மார் நான்கு ஊரில் இருக்கிறார்கள், ஒருவர் செப்பனிடப் பணம் போட்டால் மற்றவருக்கும் அதில் பங்கு போகுமே என்று ஒருவரும் ஓர் ஓட்டைக்கூட மாற்றுவதில்லை. மழை மட்டும் பாகுபாடின்றி எல்லார் பங்கிலும் பெய்கிறது.

ஆகையால் பழைய வீடு வாங்குவோர் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் பத்திரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று தேர்ந்தவரிடம் காட்டித் தெளிய வேண்டும். 1993-ஆம் வருஷம் வரையில் இப்பிரதேசம் தென்னாற்காடு ஜில்லாவிலும், அதற்குப்பின் 2019 வரையில் விழுப்புரம் ஜில்லாவிலும் அடங்கியிருந்தமையால், பழைய தஸ்தாவேஜுகளில் ஜில்லாவின் பெயர் வேறாக இருக்கும். அதைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. கவனிக்க வேண்டியது கையெழுத்து. வீட்டை விற்க வருகிற அண்ணன் தம்பிமார் தங்கள் சகோதரிகளின் பெயரை அநேகமாய் வாயெடுத்தும் சொல்லமாட்டார்கள். சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவர்களுக்கு இதில் என்ன பேச்சு என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஹிந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் தமிழ்நாட்டில் 1989-ல் விவாகமாகாத பெண்களுக்கும், தேசமெங்கும் 2005-ல் எல்லாப் பெண்களுக்கும் மகனுக்குச் சமமான பாத்தியதை கிடைத்தது. 2005-க்கு முன்பே தந்தை காலமாகியிருந்தாலும் மகளின் உரிமை அழியாதென்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்துவிட்டது. மலிவு விலைக்கு மயங்கி, பெண்மக்களின் கையெழுத்தில்லாமல் கிரயம் முடிப்பவர் வீட்டை வாங்கவில்லை, தாவாவை வாங்குகிறார். அதைவிட முக்கியமாக, ஒரு ஸ்திரீயின் பங்கை அவள் அறியாமல் அபகரிக்கத் துணை நிற்கிறார். இது சட்டப் பிழை மட்டுமல்ல, தர்மப் பிழையுமாகும்.

பத்திரம் சுத்தமானால் வீட்டைச் சுத்தம் செய்யலாம். கூரையே முதல் வேலை. நீர் இறங்குவது நின்றாலொழிய மற்றெந்தச் செலவும் வீண். உளுத்த கைமரத்தை மாற்றி, உடைந்த ஓட்டை நீக்கி, முற்றத்து நீர் வெளியேறும் தூம்பை அடைப்பெடுத்துவிட்டால் வீடு பாதி பிழைத்துவிடும். அடுத்தது சுவர். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர் மூச்சுவிடும் சுவர். தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியே ஆவியாகிப் போய்விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, சில வருஷங்களில் செங்கல்லின் முகத்தோடு பெயர்ந்து விழும். பிறகு, பழைய வீடு உதவாது என்று வீட்டின்மேல் பழி! சுண்ணாம்பை முறையாக நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசும் வித்தையை அறிந்த கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வேலை கொடுப்பாரில்லாவிட்டால் அந்த வித்தை அவர்களோடு முடிந்து போகும்.

மரவேலையைப் பற்றியோ சொல்ல வேண்டுவதில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கேட்டு நாமெல்லோரும் பெருமைப்பட்டோம். ஆனால் பெருமைப்பட்ட அதே கையால், செதுக்கிய நிலையையும் கதவையும் பெயர்த்தெடுத்துப் பழைய சாமான் வியாபாரியிடம் எடைக்குப் போடுகிறோம். அது பட்டணத்து ஹோட்டல் வாசலில் அலங்காரமாய் நிற்கிறது. சிற்பிக்கு வேண்டியது குறியீடு மட்டுமன்று, கூலி. வீடு புதுப்பிக்கும் ஒவ்வொருவரும் ஒரு தூணையேனும் ஒரு நிலையையேனும் உள்ளூர்த் தச்சரைக் கொண்டு செப்பனிடுவாராயின், அதுவே மெய்யான சுதேசியம் என்பது நமது அபிப்பிராயம்.

செலவு அதிகமாகுமே என்பார் சிலர். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்ய நினைத்தால் ஆகத்தான் ஆகும். இவ்வருஷம் கூரை, மறுவருஷம் சுவர், அதற்கடுத்த வருஷம் தரை என்று கைக்கேற்ற அளவில் செய்யலாமே! இடித்துக் கட்டுகிறவனுக்கு அந்த வசதியில்லை. அவன் கடனோடுதான் கிரகப்பிரவேசம் செய்கிறான்.

இனி மலைக்கு வருவோம். குளிர்ந்த காற்றும் அருவியும் தேடிக் கச்சிராயபாளையம் வழியே வெள்ளிமலைக்கு ஏறுகிற பட்டணத்து மனிதர், அங்கே மண்சுவரும் சரிந்த கூரையுமாய் ஒரு வீட்டைக் கண்டு, கோடைக்கு வந்து தங்க இதை வாங்கிப் போட்டாலென்ன என்று நினைப்பதில் வியப்பில்லை. கையில் காசுடன் போனால் விற்பாரும் கிடைக்கலாம். ஆனால் அவர் ஒன்றை எண்ண வேண்டும். இந்தியா 1947-ல் விடுதலை பெற்றது. கல்வராயன் மலை ஜனங்கள் ஜாகீர்தார்களின் ஆதிக்கத்திலிருந்து முற்றும் நீங்கியதோ 1976-ஆம் வருஷத்தில்! சமவெளியில் பேரன் பூட்டன் காலமாய்ப் பத்திரம் எழுதி வந்த நாம், நேற்று வரையில் தன் வீட்டு மண்ணுக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லாதிருந்த மலையாளிப் பழங்குடியோடு சரிசமமாய் உட்கார்ந்து பேரம் பேசுவது எப்படி நியாயமான பேரமாகும்?

2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்ட கொடுமைக்குப் பிறகே, அம்மலை ஜனங்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது. அத்தனை பிணங்கள் விழுந்த பின்னரே நமது பார்வை மலைமேல் ஏறிற்று என்பதை நினைத்தால் தலை குனிய வேண்டியதாயிருக்கிறது.

சட்டமும் இவ்வாங்கலுக்கு இடம் கொடுப்பதில்லை. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்படி கிடைக்கும் பாத்தியதை வாரிசுகளுக்கு இறங்கும். எவருக்கும் விற்கவோ மாற்றவோ முடியாது. அத்தகைய நிலத்தை முத்திரைக் காகிதத்தில் எழுதி வாங்கினாலும், எழுதியவன் நிலத்தை இழப்பான், வாங்கியவன் பணத்தை இழப்பான். ஆயினும் இக்காப்பு எல்லா நிலத்துக்கும் பரந்ததல்ல. ஆந்திரத்து அட்டவணைப் பிரதேசங்களில் பழங்குடியினரல்லாதார் நிலம் வாங்குவதை 1959-ஆம் வருஷத்து ஒழுங்குமுறையும் 1970-ஆம் வருஷத்துத் திருத்தமும் அடைத்துவிட்டன. தமிழ்நாட்டிலோ அட்டவணைப் பிரதேசமென்று ஒரு சாண் பூமியும் அறிவிக்கப்படவில்லை. கல்வராயன் போன்ற மலைகளுக்கு அவ்விதக் காப்பு வேண்டுமென்று நாம் சர்க்காரை வற்புறுத்துகிறோம்.

அப்படியானால் மலைவீடுகள் பாழாகவே கிடக்க வேண்டுமா? வேண்டாம். அவற்றைச் செப்பனிடத்தான் வேண்டும். ஆனால் குடியிருப்பவருக்காகவே செப்பனிட வேண்டும். கிராமப்புறங்களில் சர்க்கார் முன்னாளில் கட்டிக் கொடுத்துச் சிதைந்துபோன 2.5 லக்ஷம் வீடுகளைப் பழுது பார்க்க 2,000 கோடி ரூபாய் செலவிடுவதாக 2024-ல் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் அறிவித்தார்கள். அந்தப் பணம் மலைப்பாதை ஏறிக் கடைசிக் குடிசை வரையில் போய்ச் சேர்கிறதா என்று கேட்டு நிற்பது, மலைமேல் ஓய்வு வீடு தேடும் கனவான்களின் கோடைக்குத் தகுந்த வேலையாகும்.

கீழே, கவனிப்பாரற்ற வீட்டுக்கு ஒரு சொந்தக்காரன் வேண்டும். மேலே, சொந்தக்காரனுக்கு அவன் வீடு நிலைக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை உணர்ந்து வாங்குகிறவனே வீட்டுக்கு உடையவனாவான். உணராமல் வாங்குகிறவன் எத்தனை சுண்ணாம்பு பூசினாலும், அந்தச் சுவர் வெளுக்காது.