காரில் காட்டும் கி.மீ. ஊர் வரைக்கும் வருமா? சின்னாளப்பட்டிக்கு ஓர் இவி கணக்கு

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து சின்னாளப்பட்டிக்கு எலெக்ட்ரிக் காரில் கிளம்புகிறவர் இரண்டு எண்களை நம்பித்தான் கிளம்புகிறார். ஒன்று, காரின் திரையில் வரும் ரேஞ்ச். இன்னொன்று, சார்ஜிங் ஸ்டேஷன் போர்டில் இருக்கும் கிலோவாட். இரண்டுமே அதிகபட்சக் கணக்கு. அப்படியே நம்பினால், பாதி வழியில் ஏசியை அணைத்துவிட்டு இடது ஓரமாக உருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

விளம்பரத்தில் வரும் ரேஞ்ச் எது?

இந்தியாவில் ரேஞ்சை அளப்பது எம்ஐடிசி எனும் சோதனை முறை. இதில் நகரப் பகுதிக்கு உச்ச வேகம் மணிக்கு 50 கி.மீ., நெடுஞ்சாலைப் பகுதிக்கு 90 கி.மீ. நான்குவழிச் சாலையில் யார் அப்படி ஓட்டுகிறார்கள்? 80-லிருந்து 100-க்குப் போனாலே காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும்.

2024 ஆகஸ்டில் வந்த டாடா கர்வ் இவியின் 55 யூனிட் மாடல் நல்ல உதாரணம். நகரப் பகுதி சோதனையில் 585 கி.மீ., இரண்டு பகுதிகளும் சேர்ந்தால் 502 கி.மீ., நிஜப் பயன்பாட்டில் 400 முதல் 425 கி.மீ. மூன்றுமே அந்த நிறுவனம் சொன்ன எண்கள்தான். கடைசி எண்ணையும் வெளியே சொன்னதற்காக அதைப் பாராட்டலாம். ஆனால் கண்ணில் படும்படி பெரிதாக அச்சாவது எந்த எண் என்பதுதான் கேள்வி.

திரையில் தெரிவது?

அது ஒரு கணிப்பு. கடைசியாக ஓடிய தூரத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை கி.மீ. கிடைத்தது என்று பார்த்து, மீதமிருக்கும் சார்ஜால் பெருக்கிக் காட்டுகிறது. முன்னால் மலை இருப்பது பெரும்பாலான கார்களின் அந்தக் கணக்கில் வராது.

சின்னாளப்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்கு நூறு கி.மீ.க்குள்தான். ஆனால் ஏற்றம் சுமார் 1,800 மீட்டர். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 8 யூனிட்டுக்கு மேல் வேண்டும். 45 யூனிட் பேட்டரியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். இறங்கும்போது ரீஜென் பிரேக்கிங்கில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அப்போது திரை காட்டும் ரேஞ்சைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. சமவெளிக்கு வந்ததும் அது மளமளவென்று குறையும்.

60 கிலோவாட் என்றால் 60 கிடைக்குமா?

யூனிட் என்பது ஈபி பில்லில் வரும் அதே யூனிட்தான். குடத்தில் எவ்வளவு தண்ணீர் என்பது யூனிட். குழாயில் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது கிலோவாட். சார்ஜர் 120 கிலோவாட் தந்தாலும், கார் அதிகபட்சம் 60 தான் வாங்கும் என்றால் 60 தான். இரண்டு கன் உள்ள 60 கிலோவாட் சார்ஜர்கள் பலவற்றில், பக்கத்தில் இன்னொரு கார் வந்து நின்றால் ஆளுக்கு 30.

குடம் விளிம்பை நெருங்கும்போது குழாயைக் குறைப்போம் இல்லையா? அதுபோல செல்களின் மின்னழுத்தம் எல்லையைத் தொட்டுவிடாமல் இருக்க, 80 சதவீதத்தை நெருங்கும்போது கார் வேகத்தை நன்றாகக் குறைத்துவிடும். பெரும்பாலான கார்களில் 80-லிருந்து 100 வரை ஏற்றக் காத்திருப்பது நெடும்பயணத்தில் வீண்.

ஊருக்கு வரும் கணக்கு

சென்னை - சின்னாளப்பட்டி சுமார் 430 கி.மீ. நெடுஞ்சாலையில் யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று வைத்தால், தேவை 72 யூனிட். 45 யூனிட் பேட்டரியை முழுசாக ஏற்றிக் கிளம்பி, 10 சதவீதம் மிச்சத்தோடு வந்து சேர வேண்டுமானால், வழியில் சுமார் 31 யூனிட் ஏற்ற வேண்டும். சராசரியாக 50 கிலோவாட் கிடைத்தால் 40 நிமிடத்துக்குள் முடியும், ஒரு சாப்பாட்டு நேரம். 30 தான் கிடைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். பண்டிகை நாளில் முன்னால் இரண்டு கார் நின்றால், கேட்கவே வேண்டாம்.

யார் மாற வேண்டும்?

எலெக்ட்ரிக் கார் மோசம் என்பதல்ல இதன் பொருள். கணக்குப் போட்டு ஓட்டினால் சின்னாளப்பட்டி எட்டாத தூரமில்லை. ஆனால் அந்தக் கணக்கை வாங்குகிறவர் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், ஏசியோடு கிடைக்கும் ரேஞ்சை நிறுவனங்கள் விளம்பரத்தில் போட வேண்டும். அரசு அதைக் கட்டாயமாக்க வேண்டும். சார்ஜிங் ஸ்டேஷன்களும் ஒரு கன்னுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எழுதிவைக்க வேண்டும்.

அதுவரைக்கும் ஷோரூமில் இரண்டே கேள்வி போதும்: ‘ஹைவேயில் யூனிட்டுக்கு எத்தனை கி.மீ.?’, ‘10-லிருந்து 80 சதவீதம் ஏற எத்தனை நிமிஷம்?’ பதில் இழுத்தடித்தால், அட்வான்ஸ் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.