மாமியும் நெந்தாவும்

“துள்ளிக் குதிப்பதற்கென்றே கட்டப்பட்ட ஒன்றைப் பாட்டு என்று சொல்லலாமா?” என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். சில ஆண்டுகளுக்கு முன்வரை நாமும் அவர்களுள் ஒருவராகவே இருந்தோம். அவ்வெண்ணம் எங்ஙனம் மாறிற்று என்பதையும், அது மாறுவதற்குள் ஒரு மாணவனுக்கு நேர்ந்தது யாது என்பதையும் ஒளியாமற் கூறிவிடுவதே இவ்வாரத்து எம் கடமையாகும்.

நாம் கற்பிக்கும் கல்லூரி கண்டி நகரிலிருந்து பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில் உள்ளது. ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் தமிழ் விழாவுக்கு நிகழ்ச்சிகளைத் தெரிவு செய்யும் குழுவில் நாமும் ஓர் உறுப்பினர். அவ்வாண்டு, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து பயின்ற மாணவன் ஒருவன், இரவல் வாங்கிய கிற்றாருடன் எம்முன் வந்து நின்றான். ‘சின்ன மாமியே’ பாடித் தொடங்கிச் ‘சுராங்கனி’யில் முடிப்பதாகச் சொன்னான். முதற் பாட்டில் பாதிதான் பாடியிருப்பான்.

“தம்பி, இது தமிழ் விழா. பைலா ஆடும் கலியாண வீடு அன்று” என்று ஒரு குரல் அவனை நிறுத்திற்று. அவ்வாறு நிறுத்தினவர் வேறு யாருமல்லர், நாமேதாம்.

“சரி சேர்” என்றான் அவன். கிற்றாரை உறையிலிட்டு, ஒரு முறைக்கு இரு முறை அதன் வாயை இழுத்து மூடிக்கொண்டு வெளியேறினான். அடுத்த நிகழ்ச்சியை நாம் அழைத்தோம். அன்று எமக்கு அது பெரிதாகப் படவில்லை.

இளம் வாசகர்களின் பொருட்டு இப்பாடல்களின் வரலாற்றைச் சிறிது கூறுதல் தகும். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்துத் தமிழில் ‘பொப்’ இசை என்று ஒன்று தோன்றி, வீடுதோறும் வானொலி வாயிலாகப் புகுந்தது. தமிழகத் திரைப்பாடல்களையே கேட்டுப் பழகிய செவிகளுக்கு, நம்மூர்ப் பேச்சில் நம்மூர் மாந்தரைப் பற்றிய பாட்டு புதுமையாக இருந்தது. யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ என்னும் பாடலைத் தந்தார். கள்ளுக்கடைக்குப் போகாதே என்று அறிவுரை கூறும் மற்றொரு பாடலும் அவருடையதே. திருகோணமலையிலிருந்து எம். பி. பரமேஷ் பாடினார். ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்று மக்கள் அழைத்த ஏ. ஈ. மனோகரன் மேடையேறினால், இருக்கையில் அமர்ந்திருந்தோரும் எழுந்துவிடுவர். சிங்களமும் தமிழும் கலந்து அவர் பாடிய ‘சுராங்கனி’ கடல் கடந்து, 1977இல் இளையராஜாவின் இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழகத் திரைப்படத்திலும் இடம்பெற்றது. ‘வாடைக்காற்று’ என்னும் நம் நாட்டுப் படத்தில் நடித்தவரும் அவரே. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் அவர் மறைந்தபோது, இங்கே கண்ணீர் உகுத்தோர் தமிழர் மட்டுமல்லர்.

இவை யாவும் அன்று எமக்குத் தெரிந்தவையே. தெரிந்திருந்தும் ஒரு மாணவனை நிறுத்தினோம். ஏட்டளவில் தெரிதல் வேறு, உணர்தல் வேறு அன்றோ?

உணரச் செய்தது மூன்று மாதங்கட்குப் பின் கண்டி நகரில் திறந்தவெளியில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சி. எம் மகள் விடாப்பிடியாக அழைத்தமையாற் சென்றோம். மலைப்பனி இறங்கும் நேரம். நிகழ்ச்சியின் இறுதியில், இந்நாட்டு வழக்கப்படி, ‘நொன்ஸ்டொப்’ என்னும் இடைவிடாத பைலாத் தொடர் ஆரம்பமாயிற்று. சிங்களப் பாட்டொன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ‘சின்ன மாமியே’ வந்தது. எமக்கு அருகில் நின்றவர் ஒரு சொல்லும் பிசகாமல் உரத்துப் பாடினார். தமிழர் என்றே எண்ணினோம். பாட்டு மாறியதும் அவர் எம் பக்கம் திரும்பினார்.

“சேர் தமிழா? இந்தப் பாட்டில மாமி எண்டு சொல்லுறது யார? நான் இருவது வருசமாப் பாடுறன், ஒருத்தரும் சொல்லித் தரல்ல.”

அவர் கட்டுகஸ்தோட்டையில் முச்சக்கர வண்டி ஓட்டும் சிங்கள அன்பர். தமிழிலக்கியம் கற்பித்து ஊதியம் பெறும் நாம், சன நெரிசலின் நடுவே அப்பாட்டுக்கு உரை சொல்லத் தொடங்கினோம். ஓர் இளைஞன் மாமியிடம் அவளுடைய இளைய மகளைப் பற்றி விசாரிக்கிறான் என்றோம். மாமி என்றால் தந்தையின் தமக்கையோ தங்கையோ, அல்லது மாமனின் மனைவி. அவள் மகள் முறைப்பெண் ஆவாள் என்றோம். முழுவதும் சொல்லி முடிக்க அவர் விடவில்லை.

“அட, எங்கட நெந்தா தானே!” என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

ஆம், நெந்தாவேதாம். தந்தையின் உடன்பிறந்தாளுக்கும், மாமன் மனைவிக்கும், மணமுடித்தவரின் தாய்க்கும் நாம் மாமி என்ற ஒரே சொல்லை வழங்குவது போலவே சிங்களவர் நெந்தா என்கின்றனர். மாமாவை அவர்களும் மாமா என்றே அழைக்கின்றனர். முறைப்பெண்ணைக் கேலி செய்யும் உரிமையும், மாமியின் வாயை அஞ்சும் அச்சமும் இரு சாராருக்கும் பொது. ஆதலால் ஒரு மொழியின் கேலிப் பாட்டு மற்றொரு மொழியினருக்கு உரையில்லாமலே விளங்கக் காத்திருந்தது.

பின்னர் வீட்டுக்குச் செல்லும் வழியில் மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவாகப் புகழ் பெற்றனர். அவர்கள் பாடிப் பெயரெடுத்த பாட்டுகளுள் ஒன்று ‘மெங்கோ களு நெந்தே’. அதிலும் விளிக்கப்படுபவள் ஒரு நெந்தா! இரு மொழி இளைஞரும் கிற்றாரைக் கையில் எடுத்தவுடன் தத்தம் மாமியரையே அழைத்திருக்கின்றனர் என்பது எத்துணை இனிய ஒற்றுமை!

இங்கே நாம் வலியுறுத்த விழைவது யாதெனில், இசைத்தட்டில் நூறு முறை கேட்டும் கிட்டாத இவ்வறிவு மேடைமுன் நின்றபோதே எமக்குக் கிட்டியது என்பதாம். மேடைப் பாட்டில் பாடகர் பாதி, கேட்போர் மறுபாதி. இதற்கு உலகச் சான்றுகள் இரண்டைக் காட்டலாம்.

1965ஆம் ஆண்டு ஓகஸ்டில் நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கில் ‘பீற்றில்ஸ்’ குழுவினர் 55,000க்கு மேற்பட்டோர் முன் பாடினர். கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. மறு ஆண்டு ஓகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு ஊர்வலமாகச் சென்று பாடுவதையே அவர்கள் விட்டுவிட்டனர். கேட்போர் கேளாதபோது பாட்டு இறந்துவிடுகிறது.

இதற்கு மறுதலையான சான்று 1985 ஜூலை 13ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் நிகழ்ந்தது. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டிய ‘லைவ் எயிட்’ நிகழ்ச்சியில் ‘குவீன்’ குழுவினருக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிடமே. அதன் பாடகர் பிரெடி மேர்க்குரி, சான்சிபாரிற் பிறந்து இந்தியாவில் பஞ்சகனியிற் பள்ளிக்கல்வி பெற்ற பார்சிக் குடும்பத்துப் பிள்ளை. சொல்லே இல்லாத ஒரு நீள் குரலை அவர் எழுப்பினார். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அதனைத் திருப்பித் தந்தனர். அவர் வளைத்தார், அவர்களும் வளைத்தனர். பஜனையில் ஒருவர் எடுக்கப் பலர் வாங்கிப் பாடும் முறையை அறிந்த நமக்கு இஃது அந்நியமன்று. அங்கே கூட்டம் கத்தவில்லை. முதலிற் கேட்டது, பின்னர் பாடிற்று. வேறுபாடு அவ்வளவே.

மாணவர்களே, அடுத்த முறை இத்தகைய நிகழ்ச்சிக்குச் சென்றால் சிலவற்றைச் செவிகொடுத்துக் கேளுங்கள். பைலாவின் தாளம் ஆறெட்டு. நம் திஸ்ர நடையைப் போல மும்மூன்றாகத் துள்ளுவது. பேஸ் கிற்றார் அடியில் நின்று அதனைத் தாங்குவதைக் கவனியுங்கள். பாடகர் பல்லவியின் இறுதிச் சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டுக் கூட்டத்தை நோக்கும் அந்தக் கணத்தைக் கவனியுங்கள். இசைத்தட்டில் இல்லாதது அந்த இடைவெளிதான். அதனை நிரப்ப வேண்டியவர் நீங்கள்.

இத்துள்ளல் வந்த வழியும் சுவையானது. போர்த்துக்கேயர் வழியாகவும், அவர்கள் கொணர்ந்த ஆபிரிக்கர் வழியாகவும் கரையோரத்தில் வேரூன்றிய ஆடற்பாட்டு அது. காவற்றுறையிற் பணியாற்றிய வொலி பஸ்தியன்ஸ் அதற்குச் சிங்களச் சொல்லிட்டுப் புது வடிவம் தந்தார். போர்த்துக்கேயர் படை கண்டி இராச்சியத்தைப் பிடிக்க வந்தபோது, 1638இல் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் இரண்டாம் இராஜசிங்கன் அதனை முறியடித்தான். படையால் ஏறமுடியாத மலையில் பாட்டு ஏறிவிட்டது! இன்று அதே கன்னொறுவைக் கலியாண வீடுகளில் அத்தாளத்துக்கு ஆடாதார் யார்?

“இருப்பினும், இது உயர்ந்த கலையாகுமா?” என்று கேட்கலாம். இளங்கோவடிகள் தம் காப்பியத்தில் வேட்டுவ வரியையும், ஆய்ச்சியர் குரவையையும், நெய்தற் கரையின் கானல் வரியையும் ஏற்றினார். வேடரும் இடையரும் பரதவரும் பாடி ஆடியவை தாழ்ந்தவை என்று அவர் ஒதுக்கவில்லை. மீன் கொண்டு வந்த செய்தியைச் சுராங்கனிக்குச் சொல்லும் பாட்டும் அக்கரை மக்களின் பாட்டுத்தானே? அத்துணை தொலைவு செல்லவும் வேண்டா. 1960களில் இங்கே பேராதனைப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்புக் கிராமத்துக் கூத்தை எடுத்துச் செப்பஞ்செய்து, 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். படித்தவர் இகழ்ந்த கூத்து அன்றுமுதல் படித்தவர் போற்றும் கலையாயிற்று. அவ்வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் பெருமையோடு விரித்துரைக்கும் நாமே, கிற்றாருடன் வந்த மாணவனைக் கலியாண வீட்டுக்குப் போகச் சொன்னோம். இதனினும் நகைப்புக்கிடமானது வேறுண்டோ?

ஒன்றை மறைத்தல் ஆகாது. பாட்டு பகையைத் தடுத்துவிடும் என்று நாம் கூறவில்லை. ‘சுராங்கனி’யை இந்நாடு முழுதும் பாடிய பின்னரே 1983 ஜூலையில் கண்டி நகரத்துத் தமிழர் கடைகள் எரிந்தன. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தீ வைத்த கைகளுள் சில அப்பாட்டுக்குத் தாளம் தட்டிய கைகளாகவும் இருந்திருக்கலாம். பாட்டு காவற்காரன் அன்று. ஆயினும் பக்கத்தில் நிற்பவரின் மாமியும் நம் மாமியும் ஒருத்தியே என்று ஒருவர் அறியும் இடங்கள் இந்நாட்டில் மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்றை, விழாவின் தூய்மை என்னும் பெயரால் நாமே அடைத்தல் தகுமா?

மறு ஆண்டு விழாக் குழு கூடியபோது இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். முணுமுணுப்புக்குப் பின் குழு இசைந்தது. பெற்றோரும் அயற் பாடசாலைச் சிங்கள ஆசிரியர்களும் நிறைந்த மண்டபத்தில் ‘சின்ன மாமியே’ ஒலித்தது. பல்லவியின் இறுதிச் சொல்லை மண்டபமே பாடிற்று. ஆனால் மேடையில் நின்றவன் அவன் அல்லன். அவன் அதற்குள் படிப்பை முடித்துக்கொண்டு கொழும்புக்கு வேலை தேடிச் சென்றுவிட்டான். அன்றிரவே அவனுக்குச் செய்தி அனுப்பினோம். நாம் செய்தது தவறு என்றும் எழுதினோம். மறுநாட் காலையில் மறுமொழி வந்தது. “சந்தோசம் சேர்” என்ற இரண்டு சொற்கள் மட்டுமே.

அவன் இன்னும் பாடுகிறானா என்று கேட்க எமக்கு நா எழவில்லை. ஆசிரியர்களும் பெற்றோர்களுமாகிய வாசகர்கள், தம் முன் கிற்றாருடன் ஒரு பிள்ளை வந்து நின்றால், பாட்டு முடியும்வரையேனும் பொறுத்துக் கேட்பார்களாக.