அம்மாவின் பேர்

விடியப்புறம் ரம்புக்கனை ஸ்டேசனில் நிற்பவர்களைப் பார்த்தாலே யார் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். சீசன் டிக்கெட்காரர்களுக்கு எந்தப் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்பது அத்துப்படி. புறக்கோட்டைக் கடைகளுக்குப் போகும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பெரிய பையோடு ஓரமாக நிற்பார்கள். இனி தீபாவளிக்குத்தான் வருவார்கள்.

போன திங்கட்கிழமை அங்கே வைத்துத்தான் தங்கச்சி மகள் கேட்டாள்.

"மாமா, கடைக்குப் போகவா, படிப்பிக்கப் போகவா?"

உயர்தரம் முடித்தவள். புடவைக்கடையில் சாப்பாடு, தங்குமிடம் போகக் கையில் காசு. தோட்டத்து முன்பள்ளியில் அதில் பாதியும் தேறாது. ஆனால் பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர்.

'பிடித்ததைச் செய்' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். 2015 ஞாபகம் வந்து தடுத்தது.

அப்போது மலையகப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 3,000 ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். தோட்டத்தில் வரவுப் பணம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 620. கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலை உடுத்தி, பஸ் ஏறி மாதம் முழுக்கப் படிப்பித்த மகளைவிட, மலையில் நின்ற அம்மாவுக்குப் பத்து நாள் சம்பளத்திலேயே 200 ரூபாய் கூட!

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்போம். சொன்ன அளவு கொடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். விடிய விடிய மழை பெய்தால் இறப்பர் மலையில் பால்வெட்டு இல்லை. மகளுக்கு டீச்சர் என்ற பேர் கிடைத்தது. அடுப்பு எரிந்தது அம்மாவின் பேரில். கொடுப்பனவு பிறகு 10,000 ஆனது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலை போன்ற இடங்களில் பயிற்சி முடித்தவர்கள் ஆசிரியர் சேவைக்குள் போனார்கள். அந்த 6,000க்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது, அதனால் பொறுத்தார்கள். பொறுக்க முடியாமல் பாதியில் கொழும்புக் கடைக்குப் போன ஒருவரையும் எனக்குத் தெரியும். அவரைப் போலக் கணக்குப் படிப்பிக்க ஆளில்லை. வீட்டில் பேர் போட ஒருவரும் இல்லை, அவ்வளவுதான்.

முன்பள்ளிக்குப் பின்னால் அப்படி ஒரு கதவு எனக்குத் தெரியவில்லை.

"வீட்டில மாசம் எத்தனை பேர் விழுது?"

"அம்மாவோடது மட்டுந்தான் மாமா. மழைன்னா அதுலயும் பாதி."

2024இல் நாள் சம்பளம் 1,350 ஆனது உண்மைதான். விழாத பேருக்கு எவ்வளவு கூட்டினால் என்ன?

"ரெண்டு வருசம் கடைக்குப் போ. கொஞ்சம் சேர்த்து வை. டீச்சர் வேலைக்கு வர்த்தமானி வந்தா அன்றைக்கே விண்ணப்பம் போடு" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று இரவே தங்கச்சி போன் எடுத்தாள். "படிச்ச பிள்ளைய கடைக்குப் போகச் சொல்லியிருக்கியே அண்ணே, உனக்குப் புத்தியிருக்கா?" என்று ஒரு மூச்சு ஏசினாள். ஏசி முடித்துவிட்டு, முழங்காலுக்குப் பூசுகிற தைலம் தீர்ந்துவிட்டது, வரும்போது டவுனில் ஒரு போத்தல் வாங்கி வா என்றாள்.